முப்பத்தொன்றில் சேராத வேலை

மவுண்ட் ஹோப், ஒஹையோ
ஜனவரி 20

அன்புத் தங்கை மேட்டிக்கு,

ஆண்டவர் பேரால் அக்கா சலோமா எழுதுவது. இங்கே முழங்கால் வரைக்கும் பனி. உன் மச்சான் மெனோவுக்கு முதுகு, எனக்கு வாய், இரண்டும் வழக்கம்போல் ஓயவில்லை. விஸ்கான்சினில் எல்லாரும் சுகமா? உன் கை வலி குறைந்ததா?

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது எழுதுவதற்குள் நானே எழுதினால் கொஞ்சம் மானமாவது மிஞ்சும்.

ஞாயிறு கூட்டம் ரேபர் வீட்டில். மெனோ முதுகைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டார், நான் மட்டும் போனேன். பாட்டு, பிரசங்கம், சாப்பாடு எல்லாம் முடிந்து, பூட்டி நின்ற வண்டியில் ஏறிக் கடிவாளத்தைப் பிடித்தேன். அவ்வளவுதான், யோசனை என்னை எங்கேயோ இழுத்துக்கொண்டு போய்விட்டது. குதிரை தானாகவே வீடு போய்ச் சேர்ந்தது. நானும் இறங்கி உள்ளே போய், பூட்ஸைக் கழற்றி, அடுப்பில் கெட்டிலை வைத்து, நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்தேன். அப்போதுதான் பார்க்கிறேன், சுவர்க் கடிகாரம் வேறு பக்கம் இருக்கிறது.

குதிரை வீடு வந்தது உண்மைதான். அதன் வீடு. அது பிஷப் ஜோனஸின் குதிரை. நாற்பது கறுப்பு வண்டி வரிசையாக நின்றால் எது யாருடையது என்று குதிரையைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். நான் குதிரையைப் பார்க்கவே இல்லை.

அரை மணி கழித்துப் பிஷப்பும் அவர் மனைவி எட்னாவும் என் வண்டியில் வந்து இறங்கினார்கள். எட்னா என்னைப் பார்த்தாள், கெட்டிலைப் பார்த்தாள்.

"தண்ணி வெச்சுட்டியா? அப்ப நான் ரொட்டி அறுக்கறேன்" என்றாள்.

பிஷப் தொப்பியைக் கழற்றினார். "குதிரை திருடினவங்களுக்கு என்ன வசனம்னு வழியெல்லாம் தேடிட்டு வந்தேன் சலோமா. பழைய ஏற்பாட்டுல நெறைய இருக்கு."

எல்லாரும் சிரித்தோம். நான்தான் அதிகம் சிரித்தேன். திரும்பி வரும்போது சிரிக்கவில்லை.

மேட்டி, சும்மா ஒன்று கேட்கிறேன். அப்பா போன பிறகு அம்மா உன் வீட்டில்தானே இருந்தாள். அவளுக்கு எப்படி ஆரம்பித்தது? முதல் முதலில் எதை மறந்தாள்? அப்போது அவளுக்கு அறுபத்தைந்துகூட நிறையவில்லை. எனக்கு ஜூனில் ஐம்பது.

சும்மாதான் கேட்கிறேன். எல்லாரையும் விசாரித்ததாகச் சொல்.

குதிரைத் திருடி,
சலோமா


கேஷ்டன், விஸ்கான்சின்
ஜனவரி 29

அக்காவுக்கு மேட்டி எழுதுவது. கர்த்தர் கிருபையால் எல்லாரும் நலம். கை வலி அப்படியே இருக்கிறது. இரண்டு கன்றுக்குட்டி பிறந்தது, ஒன்று நிற்கவில்லை. குளிர் இந்த வருடம் அதிகம்.

உன் கடிதத்தைச் சாப்பாட்டு மேஜையில் படித்துக் காட்டினேன். எல்லாரும் சிரித்தார்கள்.

உன் தலையில் இடம் இல்லை, அதுதான் விஷயம் என்று எனக்குத் தோன்றுகிறது. நீ சின்ன வயதிலிருந்தே பத்து வேலை ஆரம்பிப்பாய், ஒன்றும் முடிக்க மாட்டாய். அரைகுறையாக நிற்கிறதெல்லாம் உள்ளே உட்கார்ந்து உன்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். கூப்பிடுகிற சத்தத்தில் குதிரை எங்கே கண்ணில் படும். ஒரு தாள் எடு. தொடங்கி முடிக்காதது, செய்கிறேன் என்று சொல்லிச் செய்யாதது எல்லாவற்றையும் எழுது. ஒன்றுவிடாமல் எழுது. புதிதாக எதையும் ஆரம்பிக்காமல் அதை ஒவ்வொன்றாக முடி. நான் அப்படித்தான் ஒரு காலத்தை ஓட்டினேன்.

மாடு கறக்க நேரமாகிறது. மெனோ மச்சானுக்கு என் வணக்கம்.

மேட்டி


மவுண்ட் ஹோப்
பிப்ரவரி 6

என் கண்டிப்புக்காரத் தங்கைக்கு,

கடிதம் கிடைத்தது. நிற்காத கன்றுக்குட்டி இப்போது எப்படி? இங்கே மெனோ நிற்கிறார், உட்காரத்தான் முடியவில்லை.

நீ சொன்னபடி தீவனக் கடைக் காலண்டரில் போன வருடத்துத் தாளைக் கிழித்துப் பின்பக்கம் எழுதினேன். பத்து வரும் என்று நினைத்தேன். முப்பத்தொன்று வந்தது. பக்கத்துப் பண்ணை வெர்னாவின் மகள் கல்யாணத்துக்கென்று ஆரம்பித்த ஒட்டுத்துணிப் போர்வை பாதியில் நிற்கிறது. அந்தப் பெண்ணுக்கு இப்போது மூன்று குழந்தை. எட்னாவின் ஆப்பிள் சல்லடை நான்கு வருடமாக என் பரணில். பள்ளிக்கூடத்துக்குத் தைத்துத் தருகிறேன் என்ற ஜன்னல் திரை. மில்லர் பெரியவருக்கு, சீக்கிரம் எழுந்து நடமாட வேண்டுகிறேன் என்று எழுத நினைத்த கடிதம். அவர் போய் ஒரு வருடம் ஆகிறது. அதை அடித்துவிட்டு அவர் மனைவிக்கு எழுதி அனுப்பினேன்.

மெனோவின் கோட்டுக் கொக்கியையும் தைத்துவிட்டேன். மூன்று மாதமாக அது இல்லாமல் நெஞ்சில் கைவைத்தபடியே கூட்டத்தில் உட்கார்ந்திருந்தார். பக்தி என்று எல்லாரும் நினைத்திருக்கிறார்கள். கொக்கி வைத்ததும் கையை எடுத்துவிட்டார். டீக்கன் வந்து, "மெனோ, மனசுல ஏதாவது கஷ்டமா?" என்று விசாரித்துவிட்டுப் போனார்.

சிரித்தாயா? நல்லது. இப்போது சிரிக்காமல் ஒன்று. மருமகள் ரோடா எப்போதும் கடைக்குப் போகும்போது குழந்தை லிடியாவை என்னிடம் விட்டுத்தான் போவாள். செவ்வாய்க்கிழமை குழந்தைக்குத் தொப்பி மாட்டிக்கொண்டிருந்தாள். "ஏன்டி, குளிர்ல எதுக்கு அவளைத் தூக்கிட்டுப் போற?" என்றேன். "பரவாயில்லை அத்தை, நீங்க கொஞ்சம் ஓய்வா இருங்க" என்றாள். என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை, தொப்பி நாடாவைப் பார்த்துச் சொன்னாள். வியாழக்கிழமையும் அப்படித்தான்.

மார்ச் 29 எங்களுக்கு ஆலோசனைக் கூட்டம். ஏப்ரல் 12 திருவிருந்து. அதற்குள் முப்பத்தொன்றையும் முடித்துவிட வேண்டும் என்று இருக்கிறேன்.

அம்மாவைப் பற்றிக் கேட்டிருந்தேன். பதிலில் அது விட்டுப்போயிருக்கிறது. மறந்திருப்பாய். பார்த்தாயா, நீயும் மறக்கிறாய்.

அன்புடன்,
சலோமா


மவுண்ட் ஹோப்
பிப்ரவரி 23

அன்பு மேட்டிக்கு,

நலம். உன் நலத்துக்குக் காத்திருக்கிறேன். இரண்டரை வாரம் ஆயிற்று, தபால் பெட்டியில் விதைக் கடைப் புத்தகம் மட்டும்தான். மெனோ, "நடந்து நடந்து பெட்டிக்கு ஒத்தையடிப் பாதை போட்டுட்ட" என்கிறார்.

பதினேழு முடிந்தது. போர்வையை முடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வெர்னாவின் மகள் வாங்கிப் பார்த்து, "யாருக்குக் கல்யாணம்?" என்று கேட்டாள். வீடு திரும்பும்போது ஒரு விஷயம் கவனித்தேன். வழியில் ஒரு சிவப்புப் பறவை. அதைப் பார்த்தேன், அவ்வளவுதான். பார்க்கும்போது வேறு எதுவும் யோசிக்கவில்லை. இப்படிப் பார்த்து எத்தனை வருடம் ஆயிற்று என்று தெரியவில்லை. நீ சொன்னது சரிதான் போலிருக்கிறது.

ஆனாலும் நேற்று மாவில் உப்பு போட்டேனா இல்லையா என்று தெரியாமல் பத்து நிமிடம் நின்றேன். பிசைந்துகொண்டே அம்மா ஞாபகம். மூன்றாவது தடவை கேட்கிறேன் மேட்டி. எப்படி ஆரம்பித்தது? உப்பா? பெயரா? வழியா? தெரிந்தால் பயமில்லை. தெரியாததால் ஒவ்வொன்றும் அதுவாகத் தெரிகிறது.

சலோமா


கேஷ்டன்
மார்ச் 2

அக்காவுக்கு,

எல்லாரும் சளிக் காய்ச்சலில் படுத்து எழுந்தோம். இப்போது சுகம். நீங்களும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். கன்று செத்துப்போயிற்று.

நீ கேட்டது நேரில் சொல்ல வேண்டியது. நீ வரும்போது சொல்கிறேன்.

மேட்டி


மவுண்ட் ஹோப்
மார்ச் 12

அன்பு மேட்டிக்கு,

இங்கே பனி உருகி எல்லாம் சேறு. கன்றுக்காக வருத்தப்பட்டேன். காய்ச்சலுக்குப் பிறகு கோழிச் சாறு வைத்துக் குடி, மற்றவர்களுக்கு ஊற்றிவிட்டு நீ வெறும் சட்டியை வழித்துக் குடிக்காதே.

முப்பது முடிந்தது. சல்லடையைக் கொடுக்கப் போனேன். எட்னா, "இது என்னோடதா? நான் வேற வாங்கிட்டேனே" என்றாள். எடுத்துக்கொண்டு திரும்பி வந்தேன். அது முடிந்ததா முடியவில்லையா என்று மெனோவைக் கேட்டேன். "சொந்தமாயிடுச்சு, அடிச்சுடு" என்றார். அடித்துவிட்டேன்.

கடைசி நம்பர், பெரியப்பா மகள்களோடு சுற்றுகிற நம் சுற்றுக் கடிதம். பன்னிரண்டு பேர் தாளும் உள்ளே இருக்கும் அந்தத் தடித்த உறை. வந்ததும் என் பழைய தாளை எடுத்துப் புதியதை வைத்து இண்டியானாவுக்கு அனுப்பியிருக்க வேண்டும். ஆகஸ்டிலிருந்து என் மாவுப் பெட்டிக்குப் பின்னால் கிடக்கிறது. உனக்கு அடுத்தது நான்தானே, உனக்குத் தெரிந்திருக்கும். ஏழு மாதமாகப் பத்துப் பேர் ஒருத்தியை ஒருத்தி திட்டிக்கொண்டிருப்பார்கள். நீ மட்டும் சரியான ஆளைத் திட்டியிருப்பாய்.

இன்று காலை உட்கார்ந்து எல்லாத் தாளையும் படித்தேன். உன் தாளையும் படித்தேன்.

ரொட்டி அடுப்பில் இருக்கிறது. பிறகு எழுதுகிறேன்.

சலோமா


மவுண்ட் ஹோப்
மார்ச் 16

மேட்டிக்கு,

நாங்கள் சுகம்தான். ரொட்டி அன்றைக்கு அடுப்பில் இல்லை.

உன் தாளில் இருந்தது மனப்பாடமாகிவிட்டது. "அம்மா போய் இரண்டு வருடம் ஆகப்போகிறது. நான் இன்னும் உருளைக்கிழங்கில் ஒரு பங்கைத் தனியாகக் குழைய மசித்துவிடுகிறேன். மசித்த பிறகுதான் ஆள் இல்லை என்று தெரிகிறது. இப்போதாவது ஓய்வாக இருக்கிறாயா என்று எல்லாரும் கேட்கிறார்கள். ஓய்வு எப்படி எடுப்பது என்று யாராவது எழுதினால் நல்லது." நீ எனக்குத்தான் எழுதியிருக்கிறாய். உறை முதலில் என் கைக்குத்தானே வரும். நான் அதை மாவுப் பெட்டிக்குப் பின்னால் போட்டேன்.

தாளில் முப்பத்தொன்று எழுதினேன். முப்பத்தொன்றையும் அடித்துவிட்டேன். ஆனால் தலை காலியாகவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியும். ஆரம்பத்திலிருந்தே தெரியும். எழுதாமல் விட்டது ஒன்று இருக்கிறது.

நான்கு வருடத்தில் நீ நான்கு கடிதம் எழுதினாய். "ஒரு குளிர்காலம் மட்டும் வந்து அம்மாவைப் பார்த்துக்கொள் அக்கா, நான் கொஞ்சம் தூங்கிக்கொள்கிறேன்" என்று. ஆப்பிள் வேலை முடியட்டும் வருகிறேன் என்றேன். பையன் கல்யாணம் முடியட்டும் என்றேன். குதிரை குட்டி போடட்டும் என்றுகூட எழுதினேன். கடைசியில் அடக்கத்துக்கு வந்தேன், அதுவும் ஆப்பிள் சமயம்தான், அப்போது மட்டும் வர முடிந்தது.

வேலை காரணம் இல்லை. இரண்டாவது தடவை பார்க்க வந்தபோது அம்மா என்னைப் பார்த்து, "யாரு இந்தப் பொம்பளை, நல்லா சிரிக்கிறா" என்றாளே, ஞாபகம் இருக்கிறதா? நானும் சிரித்தேன். ஊரெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். அதன் பிறகு அந்தக் கதவைத் திறக்க எனக்குத் தைரியம் வரவில்லை. நான் பயந்துகொண்டிருந்த நாளெல்லாம் நீ அவளுக்குச் சட்டை மாற்றிக்கொண்டிருந்தாய்.

இதை எப்படி முடிப்பது? போர்வையாக இருந்தால் வெர்னா மகளுக்குக் கொடுத்ததுபோல் தாமதமாகவாவது கொடுக்கலாம். அம்மா இல்லை.

29ஆம் தேதி டீக்கன் ஒவ்வொருவரிடமும் வந்து, எல்லாரோடும் சமாதானமா என்று கேட்பார். வருடத்துக்கு இரண்டு கூட்டம், அம்மா போன பிறகு ஐந்து தடவை கேட்டார். ஐந்து தடவையும் ஆமாம் என்றேன். உன் பதில் அதற்குள் வந்தால் நல்லது. திட்டி எழுதினாலும் பரவாயில்லை. எழுதாமல் இருக்காதே.

சலோமா


மவுண்ட் ஹோப்
மார்ச் 30

அன்பு மேட்டிக்கு,

நீ சுகமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். சனிக்கிழமை தபால்காரர் போன பிறகும் பெட்டியைக் கையால் துழாவிப் பார்த்தேன். ஒரு சிலந்தி இருந்தது.

நேற்றுக் கூட்டத்தில் டீக்கன் பெண்கள் பக்கம் வந்தார். எட்னா தலையாட்டினாள், வெர்னா தலையாட்டினாள். என் முறை. "இல்லை" என்றேன். அவர் காதில் சரியாக விழவில்லை என்று நினைத்து மறுபடி கேட்டார். "என் தங்கச்சியோட இல்லை. தப்பு என்மேல" என்றேன். பெஞ்ச் முழுக்கத் தலை திரும்பியது. ரோடா மட்டும் திரும்பவில்லை, லிடியாவின் காலுறையைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

சாயங்காலம் டீக்கன் வீட்டுக்கு வந்தார். உன்னிடமிருந்து ஒரு வார்த்தை வரும்வரை எனக்குத் திருவிருந்து இல்லை என்று ஆயிற்று. இன்னும் பதின்மூன்று நாள் இருக்கிறது. மெனோ தானே எழுந்து காப்பி போட்டார். கல்யாணமாகி முப்பது வருடத்தில் இதுதான் முதல் தடவை. குடிக்க முடியவில்லை, குடித்தேன்.

மே மாதம் நான்காம் தேதி, நம் சபையில் சேராத ஒரு இங்கிலீஷ்காரர் வேன் உங்கள் ஊர்ப் பக்கம் வருகிறது. இடம் சொல்லிவிட்டேன். மூன்று வாரம். நீ வேண்டாம் என்றால் அடுத்த வீட்டில் தங்கிக்கொண்டு உன் மாட்டை மட்டும் கறந்துவிட்டுப் போகிறேன்.

சலோமா


கேஷ்டன்
ஏப்ரல் 3

அக்காவுக்கு மேட்டி எழுதுவது. எல்லாரும் நலம். மழை பெய்கிறது.

உன் 16ஆம் தேதிக் கடிதம் வந்ததும் மூன்று தடவை பதில் எழுதினேன். மூன்றையும் அடுப்பில் போட்டேன். முதல் இரண்டும் நீ படிக்கக்கூடாதவை.

எங்களுக்கும் அதே ஞாயிறு ஆலோசனைக் கூட்டம். டீக்கன் கேட்டார். சமாதானம் என்று சொல்லிவிட்டு வந்தேன். உன் கடிதம் அப்போது என் ஏப்ரன் பையில் இருந்தது. நேற்று நீ 30ஆம் தேதி எழுதியது வந்தது. நீ அங்கே உண்மை சொன்ன அதே மணிக்கு நான் இங்கே பொய் சொல்லியிருக்கிறேன். நேற்றே டீக்கன் வீட்டுக்கு நடந்து போய்ச் சொன்னேன். அவர் பன்றிக்குத் தீனி வைத்துக்கொண்டிருந்தார். "இவ்வளவு நாள் எங்கம்மா வெச்சிருந்த இதை?" என்றார். 

அம்மாவுக்கு எப்படி ஆரம்பித்தது என்று சொல்கிறேன். ஒரு திங்கள்கிழமை துணி துவைத்துக் கொடியில் போட்டாள். மத்தியானம் அதே துணியை எடுத்து மறுபடி துவைத்தாள். "காலையிலதானேம்மா துவைச்சோம்" என்றேன். "யாரு துவைச்சா?" என்றாள். பயப்படவில்லை, பாட்டுப் பாடிக்கொண்டே பிழிந்தாள். அவள் முடித்த வேலையை மறந்தாள். நீ முடிக்காததை மறக்க முடியாமல் கிடக்கிறாய். நான் டாக்டர் இல்லை, நீ ஒரு டாக்டரையும் பார். ஆனால் நான்கு வருடம் பக்கத்தில் இருந்து பார்த்தவள் சொல்கிறேன், இது அது மாதிரி எனக்குத் தோன்றவில்லை.

இதை ஜனவரியிலேயே எழுதியிருக்கலாம். நான் மறக்கவில்லை. நான்கு வருடம் நான் தனியாகப் பயந்தேன், இவளும் கொஞ்சம் பயந்து பார்க்கட்டும் என்று இருந்தது. நீ மூன்றாவது தடவை கேட்டபோதுகூட இருந்தது. அதற்கு என்னை மன்னித்துக்கொள். உன்னை நான் மன்னித்துவிட்டேன். முழுசாக என்று சொல்ல மாட்டேன், ஆரம்பித்திருக்கிறேன். உன்னைப் போல் பாதியில் நிறுத்த மாட்டேன். இந்தத் தாளை உங்கள் டீக்கனிடம் காட்டு.

ஒருவேளை உனக்கும் அது வந்தால், நான் வருகிறேன். ஆப்பிள் வேலை முடியட்டும் என்று எழுத மாட்டேன்.

மே நான்காம் தேதிக்குச் சாப்பாட்டு மேஜையில் ஒரு தட்டு கூடுதலாக வைக்கச் சொல்லியிருக்கிறேன். நான் தூங்கப் போகிறேன். எழுப்பாதே.

மேட்டி


மவுண்ட் ஹோப்
ஏப்ரல் 14

என் அன்பு மேட்டிக்கு,

எல்லாரும் சுகம். மெனோவின் முதுகுகூட. உன் கடிதம் புதன்கிழமை வந்தது. தபால் பெட்டி பக்கத்திலேயே நின்று படித்தேன். மழை பெய்து ஓய்ந்ததுகூடத் தெரியவில்லை. சாயங்காலம் டீக்கனிடம் கொடுத்தேன். அவர் இரண்டு தடவை படித்துவிட்டு, "உன் தங்கச்சி சுருக்கமா எழுதறா" என்றார். "அவ அப்படித்தான், மிச்சத்தை நான் பேசிடுவேன்" என்றேன். போ, திருவிருந்தில் உன் இடத்தில் உட்கார் என்றார்.

டாக்டரையும் பார்த்தேன். பின்னாலிருந்து எண்ணச் சொன்னார், படம் வரையச் சொன்னார், குதிரைக் கதையைக் கேட்டுவிட்டு மறுபடி சொல்லச் சொன்னார். அது சோதனைக்கு இல்லை, அவருக்குப் பிடித்துவிட்டது. இப்போதைக்கு ஒன்றும் தெரியவில்லை, அடுத்த வருடம் வாருங்கள் என்றார். வெள்ளிக்கிழமை ரோடா கடைக்குக் கிளம்பினாள். குழந்தைக்குத் தொப்பி மாட்டவில்லை. என் மடியில் உட்காரவைத்துவிட்டு, "நேரமாகும் அத்தை" என்று போனாள். நான் ஒன்றும் கேலி பேசவில்லை. 

நேற்று முன்தினம் திருவிருந்துக்குப் போனேன். எட்டு மணி நேரம் உட்கார்ந்தேன், ஒரு வேலையும் ஞாபகத்துக்கு வரவில்லை. பிரசங்கத்தை முழுசாகக் கேட்டேன். நீளமாகத்தான் இருக்கிறது. இத்தனை வருடம் எனக்குத் தெரியாமல் போயிற்று.

முடிவில் வழக்கம்போல் இரண்டிரண்டு பேராக ஒருவர் காலை மற்றவர் கழுவினோம். எனக்கு ஜோடி வெர்னா. அவள் காலைக் கழுவி, துடைத்து, எழுந்து சமாதான முத்தம் கொடுக்கப் போனபோது தொட்டியின் விளிம்பை மிதித்துவிட்டேன். தொட்டி கவிழ்ந்தது. வெந்நீர் மூன்றாவது பெஞ்ச் வரைக்கும் போயிற்று. பாட்டு நான்காவது அடியில் இருந்தது. யாரும் பாட்டை நிறுத்தவில்லை. தண்ணீர் வர வர வரிசை வரிசையாகக் காலைத் தூக்கிக்கொண்டார்கள், அது போன பிறகு இறக்கிவைத்தார்கள்.

அன்புடன்,
சலோமா